எல்லோரும் மூன்று, ஒருத்தி மட்டும் நாற்பது

நவம்பர் மாதம் வந்தால் எங்கள் நங்கநல்லூர் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் லைஃப் சர்டிபிகேட்தான் பேச்சு. யாருக்கு விரல் ரேகை விழவில்லை, யாருக்குப் பென்ஷன் நின்றுபோனது, யார் எத்தனை நடை நடந்தார் என்று ஒரு வாரம் ஓடும். இந்த முறை ஒரு நண்பருக்கு இரண்டு மாதம் பணம் வரவில்லை. விசாரித்தால் "சாஃப்ட்வேர் மாத்தியிருக்கோம் சார்" என்றார்களாம். அவர் கோபத்தை இறக்கிவைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். நான் மாட்டிக்கொண்டேன். "நீங்க முப்பது வருஷம் இந்த வேலைதானே பாத்தீங்க? மாத்தறதுக்கு முன்னாடி யோசிக்கவே மாட்டீங்களா?" என்றார்.

யோசிப்பார்கள். அந்த யோசனைக்கு ‘ரிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்று பெயர் வைத்து, சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருப்பார்கள். சில வருடங்கள் நானே அந்த ஆளாக இருந்திருக்கிறேன். அவ்வளவு யோசித்தும் ஏன் ஓட்டை விழுகிறது என்பதைப் பூங்காவில் நின்றபடி பத்து நிமிடத்தில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். இதில் கம்ப்யூட்டர் கால்வாசிதான். மீதி முக்கால்வாசியும் மனுஷங்க விவகாரம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் ஒரு ப்ராஜெக்ட் என்றால் முதல் ஆறு மாதம் எழுதிக்கொண்டே இருப்போம். என்ன வேண்டும் என்று எழுதி க்ளையண்டிடம் கையெழுத்து வாங்குவோம். டிசைன் எழுதி அதற்கும் கையெழுத்து வாங்குவோம். அப்புறம்தான் ப்ரோக்ராம், கடைசியில் டெஸ்டிங். இதற்கு ‘வாட்டர்ஃபால்’ என்று பெயர், அதாவது அருவி. கீழே விழுந்த தண்ணீர் மேலே ஏறாது என்பது அதன் குணம். தொல்லையும் அதுதான்.

அந்தக் காலத்தில் ‘ரிஸ்க் ரிஜிஸ்டர்’ என்று ஓர் எக்செல் தாள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆபத்து. அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஐந்துக்கு ஒரு மார்க், நடந்தால் எவ்வளவு நஷ்டம் என்று ஐந்துக்கு ஒரு மார்க். இரண்டையும் பெருக்கினால் அந்த ஆபத்தின் எடை. வாய்ப்பை நஷ்டத்தால் பெருக்கிப் பார்க்கும் இந்தக் கணக்கைச் சாஃப்ட்வேர்காரர்களிடையே பரப்பியவர் பாரி போம் என்ற அமெரிக்க அறிஞர். கணக்கில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதை நிரப்புகிறவர் போன ப்ராஜெக்ட்டின் தாளை எடுத்து, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார். "இயற்கைப் பேரிடர், வாய்ப்பு 1" என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு வருடக்கணக்கில் எழுதி வந்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆட்களை பஸ்ஸில் ஏற்றி பெங்களூருக்கு அனுப்பி வேலை வாங்கிய கதையை உங்கள் பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள்.

பிறகு ‘அஜைல்’ வந்தது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி ஒரு சிறிய அறிக்கை எழுதினார்கள். அதிலிருந்து இந்தப் பெயர் பிடித்துக்கொண்டது. எங்கள் அலுவலகத்துக்கு அது வந்துசேர இன்னும் ஏழெட்டு வருடம் ஆனது.

கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேருக்கும் சாம்பார் வைத்து, எல்லா இலையிலும் ஊற்றிய பிறகு உப்புப் பார்ப்பது பழைய முறை. அஜைல் சமையல்காரர் முதல் பந்திக்கு மட்டும் வைப்பார். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்துப் பரிமாறுவார். அவர் "புளி தூக்கல்" என்றால் அடுத்த பந்திக்குச் சரிசெய்துவிடுவார். இந்த ஒரு பந்திக்குத்தான் ‘ஸ்பிரிண்ட்’ என்று பெயர். பெரும்பாலும் இரண்டு வாரம். ருசி பார்க்கும் பெரியவர் ‘ப்ராடக்ட் ஓனர்’. இன்னும் என்னென்ன சமைக்க வேண்டும் என்ற பட்டியல் ‘பேக்லாக்’. தினமும் காலையில் எல்லோரும் நின்றபடியே 15 நிமிடம் பேசிக்கொள்வது ‘ஸ்டாண்ட்-அப்’. உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்று நிற்கவைத்தார்கள். நம் ஊரில் நின்றாலும் நீளும், அது வேறு.

இந்த முறையின் பலத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்ற ஒரு திட்டம் போட்டு, சுமார் 17 கோடி டாலர் செலவான பிறகு 2005-ல் கைவிட்டது. அடுத்த வருடம் ‘சென்டினல்’ என்ற பெயரில் மறுபடி தொடங்கினார்கள். 2010 வாக்கில் ஒதுக்கிய 45.1 கோடி டாலரில் சுமார் 40.5 கோடி போய்விட்டது, நான்கு கட்டங்களில் இரண்டுதான் முடிந்திருந்தன. அந்த நிலையில் எஃப்.பி.ஐ. வேலையைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டு, சின்ன டீம் வைத்து, இரண்டு இரண்டு வாரமாகச் செய்து, 2012 ஜூலையில் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ருசி பார்த்தால், தப்பான வழியில் போனாலும் இரண்டு வாரத்துக்கு மேல் போக முடியாது. ரிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பாதி இதிலேயே முடிந்துவிடுகிறது. இதைப் பார்த்துவிட்டு எங்கள் இளைஞர்கள் "இனிமே ரிஸ்க் ரிஜிஸ்டர் எதுக்கு சார்? தினமும்தான் பேசறோமே" என்றார்கள். பாதி சரி என்பேன். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கதை.

2014-ஆக இருக்கும். ஐரோப்பாவில் ஓர் ஓய்வூதிய நிதி நிறுவனம் எங்கள் க்ளையண்ட். முப்பது வருடப் பழைய கோபால் அமைப்பிலிருந்து புதியதற்கு மாற வேண்டும். மொத்தம் 16 ஸ்பிரிண்ட். சோழிங்கநல்லூரில் எங்கள் டீம், அந்த ஊரில் அவர்களுடைய ப்ராடக்ட் ஓனர். பழைய அமைப்பிலிருந்து எந்தப் பதிவு வரவேண்டும், எது வரவேண்டாம் என்ற திட்டத்தை அவர்களே போட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் அந்த டீமுக்கு இரண்டு படி மேலே இருந்தேன். முதல் மூன்று ஸ்பிரிண்டும் அருமையாகப் போயிருந்தன. டெமோ பார்த்த க்ளையண்ட் கைதட்டினார்கள். வாராந்திர அறிக்கையில் எல்லாம் பச்சை.

இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். பச்சை அறிக்கைக்கு எங்கள் துறையில் ‘தர்பூசணி’ என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்த நமக்குத் தர்பூசணி பெரிய காரியமா? அஜைலில் இந்தப் பழம் இன்னும் நன்றாகவே விளையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கைதட்டல் வாங்க வேண்டும் என்றால் டீம் எதை முதலில் எடுக்கும்? சுலபமானதை. திரையில் அழகாகத் தெரிவதை. சிக்கலான வேலைகள் யாரும் திட்டம் போடாமலே பட்டியலின் அடிக்குப் போய்விடும். முதல் பாதி முழுக்கப் பச்சையாக இருக்கும். பாரி போமே 1980களில் தன் ‘ஸ்பைரல்’ முறையில் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்லியிருந்தார்: எது அதிக ஆபத்தோ அதை முதல் சுற்றிலேயே எடு.

நாலாவது ஸ்பிரிண்ட்டின் திட்டக் கூட்டம். வேறு ஒரு வேலைக்காகப் போனவன் அந்த அறையில் உட்கார்ந்துவிட்டேன். சீட்டு விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. நிஜமாகவே சீட்டுதான். ‘ப்ளானிங் போக்கர்’ என்பார்கள். 2002-ல் ஜேம்ஸ் கிரென்னிங் என்பவர் கண்டுபிடித்தது. ஒவ்வொருவர் கையிலும் 1, 2, 3, 5, 8, 13, 20, 40, 100 என்று எண் போட்ட சீட்டுகள். ஒரு வேலையைப் படிப்பார்கள். அது எவ்வளவு பெரிய வேலை என்று அவரவர் மனதில் பட்ட சீட்டை எடுத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். மிகக் குறைந்த எண் வைத்தவரும் மிக அதிக எண் வைத்தவரும் காரணம் சொல்ல வேண்டும்.

முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் அந்த ‘ஒரே நேரத்தில்’ என்பதன் அருமை புரிந்தது. நம் வீட்டுக் கூடத்தில் ஒரு கல்யாணப் பேச்சு நடந்தால் பெரியப்பா முதலில் வாயைத் திறப்பார். அதற்குப் பிறகு பேசுகிறவர்கள் எல்லாம் அவர் சொன்னதற்கு அரை இஞ்ச் இப்படியோ அப்படியோதான் பேசுவார்கள். சீட்டைக் கவிழ்த்துவைத்தால் பெரியப்பாவும் கடைக்குட்டியும் ஒன்று.

அடியில் கிடந்த ஒரு வேலையை, அளவு மட்டும் போட்டுவைக்கலாம் என்று லீட் படித்தான். இறந்துபோன ஓய்வூதியர்களின் மனைவிமார்களுடைய பதிவுகளைப் புதிய அமைப்பில் ஏற்றுவது. 11-ஆவது ஸ்பிரிண்ட்டுக்கு என்று வைத்திருந்தது. சீட்டைத் திருப்பினார்கள். 3, 3, 5, 3, 3, 5, 3, 3. ஒரு பெண் மட்டும் 40.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் டீமில் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். கம்பெனி வழக்கப்படி எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அவள் வாயில் அது வராது. லீட் அவளுக்கு ‘அண்ணா’, நான் ‘சார்’. ஸ்பீக்கர் போனில் ப்ராடக்ட் ஓனர் காத்திருந்தார். அவள் சீட்டை மாற்றப் போனாள். லீட் நல்ல பையன். "மாத்தாத, ரூல் ரூல்தான், காரணம் சொல்லு" என்றான்.

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நம்ம டெஸ்ட் டேட்டாவுல ஒருத்தரும் சாகவே இல்ல அண்ணா."

அறை ஒரு நிமிடம் அமைதியானது. விஷயம் இதுதான். அமைப்பைச் சோதிக்க எங்கள் பிள்ளைகள் கற்பனையாகச் சில ஆயிரம் ஓய்வூதியர்களை உருவாக்கியிருந்தார்கள். இருபத்துநாலு வயதுப் பிள்ளைகள் கற்பனை செய்த கிழவர்கள் எப்படி இருப்பார்கள்? எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். எல்லோருக்கும் பிறந்த தேதி சரியாக இருந்தது. ஒரே ஒரு மனைவி, ஒரே ஒரு வங்கிக் கணக்கு. நிஜ உலகத்தில் கணவர் இறந்ததும் அவர் பதிவை மூடிவிடுவார்கள், மனைவிக்குப் புதிதாக ஒன்று திறப்பார்கள். ஆனால் மனைவிக்கு ஒவ்வொரு வருடமும் எவ்வளவு உயர்த்த வேண்டும் என்ற கணக்கு, மூடிய பதிவில் இருக்கும் கணவரின் சம்பள விவரத்தை எடுத்துத்தான் நடக்கும். க்ளையண்ட் கொடுத்த திட்டத்தில் மூடிய பதிவுகள் எதுவும் புதிய அமைப்புக்கு வராது, பழைய பெட்டியிலேயே இருந்துவிடும். ஆக, அந்தப் பெண்மணிகளின் பதிவு ஏறும். அதில் எழுதியிருக்கும் கணவரின் எண்ணைத் தேடினால் அங்கே ஆளே இருக்கமாட்டார்.

ப்ரோக்ராம் அப்போது நின்றுபோனால்கூடப் பரவாயில்லை, கூச்சல் போடும், ஓடிப்போய்ப் பார்ப்போம். அது நிற்காது. தொகை பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விடும். ரிப்போர்ட்டில் பிழை என்று ஒன்றும் வராது. முதல் தேதி காலையில் ஒரு கிழவி வங்கியில் போய்ப் பார்க்கும்போதுதான் தெரியும்.

சாயங்காலம் அந்தப் பெண்ணை டீ குடிக்கக் கூப்பிட்டேன். பயந்துகொண்டே வந்தாள். "எப்பம்மா இதைக் கவனிச்சே?" என்றேன். ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றாள். "தினமும் ஸ்டாண்ட்-அப் நடக்குதே, ஏன் சொல்லல?"

"அதுல மூணு கேள்விதானே சார். நேத்து என்ன செஞ்ச, இன்னைக்கு என்ன செய்யப் போற, தடை ஏதும் இருக்கா. இது தடை இல்லையே சார். என் வேலை ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

பிறகு தயங்கித் தயங்கி இன்னும் இரண்டு காரணம் சொன்னாள். போனில் க்ளையண்ட் இருக்கிறார்கள். "அப்புறம், அண்ணன் ஏற்கெனவே பாத்திருப்பாருன்னு நினைச்சேன் சார்."

ரிஸ்க் பற்றி எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மூன்று பதிலுக்கு ஈடாக அங்கே ஒன்றும் கேட்டதில்லை. அந்த மூன்று கேள்வியும் இன்றைய முட்டுக்கட்டையைப் பிடிக்கும். ஏழு ஸ்பிரிண்ட் தள்ளி வரப்போகும் பள்ளத்தைப் பிடிக்காது. அந்தப் பள்ளத்தை முதலில் பார்க்கிறவர் பெரும்பாலும் வரிசையில் கடைசி ஆள்தான், ஏனென்றால் டேட்டாவைக் கையால் தொடுகிறவர் அவர்தான். அவர்தான் வாய் திறக்க யோசிப்பவரும்.

இது நம் ஊர்க் கூச்சம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் ஆறு விதமான அரசு உதவித் தொகைகளை ஒன்றாக்கும் ‘யுனிவர்சல் க்ரெடிட்’ திட்டத்தை அஜைல் முறையில் செய்வதாகச் சொல்லித்தான் தொடங்கினார்கள். 2013 செப்டம்பரில் அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகம் அறிக்கை கொடுத்தது. 3.4 கோடி பவுண்டு மதிப்புள்ள கம்ப்யூட்டர் வேலையை வீண் என்று எழுதித் தள்ள வேண்டியிருந்தது. காரணங்களில் ஒன்றாக அவர்கள் குறித்தது, உள்ளே நிலவிய ‘நல்ல செய்தி’ மட்டும் சொல்லும் பழக்கம். பெயர் அஜைல், பழம் தர்பூசணி.

எங்கள் கதைக்கு வருகிறேன். இரண்டு பேரை மூன்று நாள் மற்ற வேலையிலிருந்து விடுவித்தோம். இப்படிச் சின்னதாக ஒரு பரிசோதனை செய்து உண்மையை அறிவதற்கு ‘ஸ்பைக்’ என்று பெயர். ஆணி அடித்துப் பார்ப்பது மாதிரி. உள்ளே மரமா, உளுத்ததா என்று தெரிந்துவிடும். பெயர், முகவரியெல்லாம் மறைத்த நிஜப் பதிவுகளின் நகல் ஒன்றைக் கெஞ்சி வாங்கி ஓட்டினோம். பயந்தது சரிதான். எண்ணிக்கை க்ளையண்ட்டின் விவரம், நான் எழுதக்கூடாது. சின்ன எண்ணிக்கை இல்லை என்று மட்டும் சொல்கிறேன். தேடாத ஒன்றும் கிடைத்தது: இரண்டு கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு மனைவிக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டுப் போன மகானுபாவர்கள்.

அடுத்து அறிக்கை. இதுதான் கஷ்டமான பகுதி. எங்கள் கம்பெனியில் அந்த க்ளையண்ட்டைக் கவனித்துக்கொண்ட அதிகாரி வந்தார். "சிவப்பு போடாதீங்க சார். அடுத்த ஒப்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம். மஞ்சள்கூட வேண்டாம். நாமளே உள்ளுக்குள்ள சரிபண்ணிடலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் பார்த்த ரிஸ்க் வேறு. எழுபது எண்பது பேருடைய வேலை அந்த ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் நிஜமான ஆபத்துதான். க்ளையண்ட் பக்கத்து மேலாளருக்கோ, சிவப்பு என்றால் தன் இயக்குநர் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஓய்வூதியர்கள் வீட்டிலிருந்தே பார்க்கும் ஓர் இணையப் பக்கத்தை இன்ன தேதிக்குத் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதைத் தள்ளிவைத்தால்தான் இந்த வேலையை முன்னே இழுக்க முடியும்.

இதில் என் சொந்த விஷயம் ஒன்று இருக்கிறது. அப்பா காலமானபோது அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வர ஏழு மாதம் ஆனது. ஏதோ ஒரு மேஜையில் ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தோடு சேராமல் கிடந்தது, அவ்வளவுதான். நாங்கள் பிள்ளைகள் இருந்தோம், வீட்டில் ஒன்றுக்கும் குறைவில்லை. ஆனால் அந்த ஏழு மாதமும் அம்மா பூக்காரியிடம் பூ வாங்குவதை நிறுத்திவிட்டாள். சாமி படத்துக்குத்தான் வாங்குவாள். கேட்டால் "மாடியிலதான் செம்பருத்தி பூக்குதே" என்பாள். முதல் மணியார்டர் வந்த அன்று சாயங்காலம் பூக்காரியைக் கூப்பிட்டு நிறுத்தி, இரண்டு முழம் வாங்கினாள்.

அந்த நாட்டுக் கிழவிகளுக்குச் செம்பருத்தி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. சிவப்பே போட்டு அனுப்பினேன்.

வெறும் சிவப்பை மட்டும் அனுப்பினால் அது புலம்பல். கூடவே என்ன செய்யலாம் என்றும் எழுதினோம். இந்த வேலையை 11-லிருந்து 5-ஆவது ஸ்பிரிண்ட்டுக்குக் கொண்டுவருவது. மூடிய பதிவுகளையும் ஏற்றுவது. இணையப் பக்கத்தைப் பின்னால் தள்ளுவது. ஒரே நாளில் எல்லோரையும் மாற்றாமல் மூன்று தொகுதியாக மாற்றுவது. குடும்ப ஓய்வூதியர்களைக் கடைசித் தொகுதியில் வைத்து, இரண்டு மாதம் பழைய அமைப்பே பணம் கொடுக்க, புதியது பக்கத்தில் சும்மா கணக்குப் போட்டு, இரண்டும் பைசாவரை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. கூடவே ஆகும் செலவையும் மறைக்காமல் எழுதினோம். இரண்டு மணி நேரம் போனில் காய்ச்சினார்கள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அந்த மேலாளர் அதற்குப் பிறகு மூன்று மாதம் என் மின்னஞ்சலுக்கு நேரடியாகப் பதில் போட்டதில்லை. அந்த வருடம் என் அப்ரைசலில் வழக்கத்தைவிட ஒரு படி கீழே. "நீங்க செஞ்சது சரிதான், சொன்ன விதம்தான்" என்றார் என் மேலதிகாரி. எந்த விதத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். நான் ஓய்வு பெறும்வரை யோசித்துக்கொண்டிருந்தார்.

டீமில் சில வழக்கங்களை மாற்றினோம். வெள்ளிக்கிழமை மதியம் அரை மணி நேரம் ஒரே கேள்வி: "இந்த ப்ராஜெக்ட் ஊத்திக்கிச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. எதனால ஊத்திக்கிச்சு?" கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 2007-ல் எழுதிய யோசனை இது. சாவுக்கு முன்னாலேயே செய்யும் பிரேதப் பரிசோதனை. "ஆபத்து ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், அபசகுனம் மாதிரி. "செத்தாச்சு, காரணம் சொல்லு" என்றால் எல்லோரும் டாக்டர் ஆகிவிடுவார்கள். பெயர் போடாமல் துண்டுக் காகிதத்தில் எழுதிப் போடச் சொன்னோம். பேச்சு என்றால் டீமில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில்.

எழுதியதில் ஏழுக்கு மேல் சுவரில் ஒட்டக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், ஒரு தேதி. எது சுவரில் ஏறினாலும் அதற்கான வேலை ஒன்று அடுத்த ஸ்பிரிண்ட்டின் பட்டியலில் ஏற வேண்டும். எதுவும் செய்ய முடியாதது என்றால் "தெரிந்தே ஏற்றுக்கொள்கிறோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஊரில் பழைய கோபால் அமைப்பு முழுதும் தெரிந்தவர் ஒரே ஒருவர். அறுபத்துமூன்று வயது. அவருக்கு ஏதாவது ஆனால் என்பது அப்படிக் கையெழுத்தான ஒன்று. அவர் மலையேறப் போவதாக விடுமுறை கேட்டபோதெல்லாம் இங்கே சோழிங்கநல்லூரில் பிள்ளைகள் வேண்டிக்கொண்டார்கள்.

முதல் சில வாரம் பெட்டியில் வந்ததில் பெரும்பாலானவை வெறும் பயங்கள். ஏ.சி. நின்றுவிடும், லீட் வேலையை விட்டுவிடுவார், ஒருவன் "எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிடும்" என்றுகூட எழுதியிருந்தான். லீட் சலித்துக்கொண்டான். எல்லாவற்றையும் சத்தமாகப் படிக்கச் சொன்னேன், இதையும்தான். (அவனுக்கு நிஜமாகவே நிச்சயமானது. மூன்று வாரம் லீவு.) பத்துச் சீட்டில் ஒன்பது வெறும் சீட்டாக இருந்தாலும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஒருமுறை சிரித்தால் பத்தாவது சீட்டு வராது.

மாற்றம் ஒருவழியாக நடந்தது. முதல் தொகுதி சத்தமில்லாமல் போனது. இரண்டாவதில் படிக்கும் பிள்ளைகளுக்கான தொகை எந்த வயதில் நிற்கவேண்டும் என்பதில் ஒரு குழப்பம். முன்னோட்டக் கணக்கிலேயே தெரிந்துவிட்டதால் சரிசெய்தோம். குடும்ப ஓய்வூதியர்களுக்கு இரண்டு மாதமும் இரண்டு அமைப்பும் ஒத்துப்போயின. மூன்றாம் மாதம் முதல் தேதி புதிய அமைப்பிலிருந்து பணம் போனது. யாரும் போன் செய்யவில்லை, ஒரு புகார் கடிதம் இல்லை. இந்த வேலையில் இதுதான் தொல்லை. நன்றாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது, ஒன்றும் நடக்காததற்கு யார் மாலை போடுவார்கள்? முடிவு விருந்தில் அந்த மேலாளர் என் தோளைத் தட்டி, நாங்கள் கொஞ்சம் அதிகமாகவே பயந்துவிட்டதாகச் சொன்னார். நானும் சிரித்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது.

அந்தப் பெண் ஒன்றரை வருடம் கழித்து வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். இப்போது பெங்களூரில் ஒரு டீமுக்கு லீட். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவாள். போகும்போது தன் சீட்டுக் கட்டிலிருந்து 40-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். கட்டை எண்ணிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்று பழைய லீட் சொன்னான். புதுக்கட்டு வாங்க அவன் கேட்டதற்கு, ஒரு சீட்டுக்காக ஒரு கட்டா என்று அட்மின்காரர்கள் மறுத்துவிட்டார்கள். அதனால் அந்த டீமில் அந்தக் கட்டு யார் கைக்கு வந்தாலும், நாற்பது என்று சொல்ல வேண்டுமானால் 20-ஐத் தூக்கிப் பிடித்து இரண்டு விரலைக் காட்ட வேண்டும்.